குழிக்குள் இருந்த கால்

தம்பிகளே,

வடக்கு மூலையில் இருக்கும் குழியை மூடிவிட்டு அந்த இடத்தில் இன்னொரு கட்டில் போடலாமா என்று கேட்டு அனுப்பியிருந்தீர்கள். நியாயமான கேள்விதான். எலும்பு முறிந்தவர்களுக்குக் கட்டுப் போட்டு, கட்டுப் பிரித்தபின் எண்ணெய் தடவி உருவிவிடும் வைத்தியசாலையில், தறி இல்லாமல் தறிக்குழி மட்டும் எதற்கு என்று யாருக்கும் தோன்றும். மழைக்காலத்தில் அதில் ஈரம் ஊறுகிறது. போன ஐப்பசியில் ஒரு தவளை குடியிருந்ததாகவும் கேள்விப்பட்டேன்.

நேரில் வந்து பதில் சொல்லலாம். ஆனால் நாலு பேர் முகத்தைப் பார்த்துப் பேசுவது எனக்கு எப்போதுமே வந்ததில்லை. முப்பத்தைந்து வருஷம் அந்த அறையில் இருந்தேன். பேசியதைவிட உருவியது அதிகம். இரண்டு கட்டைவிரல்களும் மடங்காமல் போனதால் ஐம்பது வயதிலேயே வீட்டில் உட்கார்ந்துவிட்டேன். பேனாவை மற்ற விரல்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு எழுதுகிறேன். நான்காம் வகுப்போடு நின்ற படிப்பு. கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் வருகிறவர்களைப் பற்றிச் சொன்னால்தான் குழியைப் பற்றிச் சொல்ல முடியும்.

முதல் நாள் யாரும் தனியாக வருவதில்லை. அடிபட்டவர் ஒருவர் என்றால் பேசுகிறவர்கள் மூன்று பேர். வீட்டில் ஏற்கெனவே யாரோ எண்ணெய் போட்டுத் தேய்த்திருப்பார்கள். அதைக் கேட்டால் இல்லை என்பார்கள். நாம் வெடுக்கென்று இழுத்துவிடுவோம், உயிர் போகும் என்று பயந்துகொண்டு நம் முகத்தைப் பார்க்க மாட்டார்கள், நம் கையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். வலிக்குமா என்று கேட்பார்கள். வலிக்கும் என்று சொல்லிவிடுங்கள். பொய் சொன்னால் இரண்டாம் நாள் வர மாட்டார்கள்.

இதெல்லாம் உங்களுக்கே நாலு நாளில் தெரிந்துவிடும். தெரியாத ஒன்று உண்டு. எனக்கு அதைத் தெரிந்துகொள்ளப் பல வருஷம் ஆயிற்று. அதற்கு ஒரு குடும்பம் விலை கொடுத்தது.

ஜெர்மன் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். எனக்கு முப்பது வயது இருக்கும். எலும்பைச் சேர்த்துக் கட்டுவது வைத்தியர் வேலை. கட்டைப் பராமரிப்பது, பிரித்தபின் உருவி மடக்கி நீட்டிப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது என் வேலை. ஒருநாள் காலை எட்டு மணிக்குள் பிள்ளையார்பாளையத்திலிருந்து ஒருவனைக் கயிற்றுக் கட்டிலில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பெயர் வேலாயுதம். பட்டு நெசவு.

நடந்தது இதுதான். விடியற்காலையில் தெருவில் பாவு நீட்டியிருந்தார்கள். பாவு என்றால் புடவைக்கு நீளவாக்கில் போகிற இழைகள். தெரு நீளத்துக்கு அதை விரித்து, நடுநடுவே கவட்டைக் குச்சிகள் நிறுத்தித் தாங்கவைத்து ஒழுங்கு செய்வார்கள். எங்கிருந்தோ ஒரு கோயில் காளை வந்திருக்கிறது. அது பாவுக்குள் புகுந்தால் மாதக்கணக்கான வேலை போயிற்று. வேலாயுதம் ஓடிப்போய்க் குறுக்கே விழுந்து அதை விரட்டியிருக்கிறான். விழுந்த வேகத்தில் வலது மணிக்கட்டு விலகி ஒடிந்துவிட்டது. வலது பாதம் கவட்டைக் குச்சிகளுக்கு இடையில் சிக்கித் திருகிக்கொண்டது. பாவுக்கு ஒன்றும் ஆகவில்லை.

கட்டிலைத் தூக்கிவந்தவர்களைத் தவிர அவனோடு வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் அவன் மனைவியின் அண்ணன் சடையப்பன். அவரும் நெசவுதான், ஆள் கூப்பிட்டால் மூன்று தெருவுக்குக் கேட்கும். மற்றவள் மனைவி குப்பம்மாள். இருபது வயதுதான் இருக்கும்.

"வைத்தியரே, கை போச்சு! கையப் பாருங்க, கையப் பாருங்க!" என்று சடையப்பன் வாசலிலிருந்தே கத்திக்கொண்டு வந்தார்.

வேலாயுதமும் அதையே சொல்லிக்கொண்டிருந்தான். "என் கை... ஐயோ, என் கை..."

அன்றைக்குக் கூட்டம். வைத்தியருக்கு வேறொரு வீட்டிலிருந்து ஜட்கா வந்து வாசலில் நின்றது. அவர் மணிக்கட்டை இழுத்துச் சேர்த்தார். நான் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன். அவன் அலறிய அலறலில் குதிரை மிரண்டது. உளுந்து மாவும் முட்டை வெள்ளையும் கலந்து பற்றுப் போட்டு, மூங்கில் தப்பை வைத்துக் கட்டி முடித்ததும் வைத்தியர் எழுந்தார்.

"காலை நீ பாத்துக்கோ" என்று என்னிடம் சொல்லிவிட்டு ஜட்காவில் ஏறினார்.

கட்டிலின் கால்மாட்டில் குப்பம்மாள் உட்கார்ந்திருந்தாள். வந்ததிலிருந்து அவள் அவன் குதிகாலுக்கு அடியில் இரண்டு உள்ளங்கைகளையும் கொடுத்து ஏந்திக்கொண்டிருந்தாள், இறக்கி வைத்தால் உடைந்துவிடும் என்பது போல.

நான் அருகில் போய் உட்கார்ந்ததும், "ஐயா, காலு கூட..." என்று தொடங்கினாள்.

"சும்மா இரு குப்பு" என்றார் சடையப்பன். "காலு எங்க ஓடிடப் போவுது? நெய்யறவனுக்குக் கை இருக்குதா, போதும். கையில்லாத நெசவுக்காரன் எவனயாவது பாத்திருக்கியா நீ?"

அவள் வாய் திறந்தபடியே இருந்தது எனக்குத் தெரியும். இன்னும் ஏதோ சொல்ல இருந்தாள். நான் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்து, "என்னம்மா, சொல்லு" என்று கேட்டிருக்க வேண்டும். இளவயதுப் பெண், அண்ணன் பக்கத்தில் நிற்கிறார், சுற்றிலும் கூட்டம். எனக்குக் கூச்சம். தலையைக் குனிந்துகொண்டு பாதத்தை மட்டும் பார்த்தேன். நன்றாக வீங்கியிருந்தது. சுளுக்கு என்று எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டேன். நிற்கும்போது பாதம் எப்படி இருக்குமோ அப்படியே நிமிர்த்தி நிறுத்தி, தப்பை வைத்து இறுக்கமாகக் கட்டினேன்.

இதில் என் தப்பு எது என்று நீங்கள் கேட்கலாம். சுளுக்கு என்று நினைத்தது ஒன்று. உள்ளே சின்ன எலும்பு ஒடிந்திருந்தது. ஆனால் அது மன்னிக்கக்கூடியது. வீக்கத்தில் கை ஏமாறும். பெரிய தப்பு அதற்குப் பின்னால் வந்தது. கைக்கட்டை நான் அத்தனை ஜாக்கிரதையாகப் பார்த்தேன். ஒரு நாள் விட்டு ஒரு நாள் அவன் வீட்டுக்கே போய், விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டி, இரத்தம் ஓடுகிறதா என்று நகத்தை அழுத்திப் பார்த்து, கட்டைத் தளர்த்தி, மறுபடி கட்டி, குழந்தையைக் குளிப்பாட்டுவது போலப் பார்த்தேன். கால்கட்டை அவிழ்க்கவே இல்லை. வாரத்துக்கு ஒரு தடவை அவிழ்த்துக் கணுக்காலை மெல்ல அசைத்திருந்தால் போதும். படுத்தே கிடக்கிறவனுக்குக் கால் எதற்கு, கட்டோடேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். நாற்பத்தைந்து நாள்.

நான் பக்கத்துக் கிராமம், ஓரிக்கைக்காரன். ஏர் பிடித்த வீடு. நெசவாளிகளைத் தினமும் பார்க்கிறவன்தான். ஆனால் தெருவிலிருந்து பார்ப்பேன். வாசல் வழியாகப் பார்த்தால் என்ன தெரியும்? தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு, தரை மட்டத்தில் ஒருவர் உட்கார்ந்திருப்பார். இடுப்புக்கு மேலேதான் தெரியும். குறுக்கிழை நூல் வைத்த மரநாடாவை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்குத் தள்ளுவதும், பலகையை இழுத்து அடிப்பதும் தெரியும். ஊரே அதைத்தான் பார்க்கிறது. வெளியூர்க்காரர்கள் வந்தால் நின்று அந்தக் கையைப் பார்த்துத்தான் ஆச்சரியப்படுகிறார்கள். கீழே இருட்டில் இரண்டு கால்கள் மாறி மாறி, கயிற்றில் தொங்கும் மிதிப்பலகைகளை அழுத்திக்கொண்டிருப்பதும், கால் அழுத்தினால்தான் மேலே இழை பிரிந்து நாடாவுக்கு வழி கிடைக்கும் என்பதும் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் நினைத்ததில்லை. சடையப்பனுக்குத் தெரியும். வேலாயுதத்துக்கும் தெரியும். மூச்சு விடுவதை யாரும் நினைப்பதில்லை அல்லவா, அதுபோல அவர்கள் நினைக்கவில்லை. நினைத்தவள் ஒருத்திதான். அவள் பேச்சை நாங்கள் கேட்கவில்லை.

கட்டுப் பிரித்த நாள் அந்த வீட்டில் கல்யாணம் போல இருந்தது. கை அவ்வளவு நன்றாகக் கூடியிருந்தது. வைத்தியரே தடவிப் பார்த்துவிட்டு என் முதுகில் தட்டினார். அதற்கு முன்னும் பின்னும் அவர் என்னைத் தட்டியதில்லை. சடையப்பன் மடியிலிருந்து ஒரு நாடாவை எடுத்தார்.

"புடி மாப்ள. இந்தக் கையிலேருந்து அந்தக் கைக்கு. வுடு பாக்கலாம்."

வேலாயுதம் தரையில் நாடாவைத் தள்ளினான். வழுக்கிக்கொண்டு போயிற்று. திரும்பவும் தள்ளினான். சிரித்தான். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு எழுந்து நடந்தான். வலது காலை மட்டும் கொஞ்சம் தட்டென்று வைத்தான்.

"நடக்கிறாரே, போதும்" என்றேன். நாற்பத்தைந்து நாளில் அந்த வீட்டில் நான் சத்தமாகச் சொன்ன வார்த்தை அதுதான்.

குப்பம்மாள் கதவோரம் நின்றுகொண்டு, "தறியில ஒக்காந்து பாத்தாதானே தெரியும்" என்றாள், யாரிடமும் சொல்லாதது போல.

பத்தாம் நாள் வேலாயுதம் தனியாக வந்தான்.

"மிதி எறங்கலபா" என்றான். "காலு மரக்கட்டையாட்டம் நிக்குது. தரையில வெச்சா நிக்குது, நடக்குது. தொங்கவுட்டு அமுக்குன்னா அமுங்க மாட்டேங்குது. முன்பாதம் கீழே போவணும்பா. போவல."

நான் அவன் பாதத்தை உள்ளங்கையில் ஏந்தி, என் கையை அழுத்தச் சொன்னேன். முதல் நாளே செய்திருக்க வேண்டியது. முகம் சிவக்க அழுத்தினான். என் கையில் ஒரு பூவின் கனம்கூட விழவில்லை.

மூன்று மாதம் முயன்றேன். வெந்நீர், புளியிலை ஒத்தடம், எண்ணெய், உருவல். அவன் துண்டைக் கடித்துக்கொண்டு படுத்திருப்பான். துண்டு நைந்து போனது, கணு அசையவில்லை. கடைசியில் வைத்தியர் வந்து பார்த்தார்.

"மூட்டு இறுகிக் கூடிப்போச்சு. இது இனிமே இப்படித்தான்" என்றார். அவன் போனபின் என்னிடம், "உன் தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். பாத்துக்கோன்னு சொல்லிட்டு ஜட்கா ஏறினவன் நான்" என்றார். திட்டியிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

வேலாயுதம் இடது காலாலேயே எல்லா மிதிகளையும் மாற்றி மாற்றி மிதித்துப் பார்த்தானாம். ஊடை, அதாவது குறுக்கிழை, ஒரே சீராக விழவில்லையாம். பாவும் பட்டும் கொடுத்து நெய்யச் சொல்கிற முதலாளி புடவையைத் திருப்பி அனுப்பிவிட்டாராம். இதைச் சடையப்பன் கடைத்தெருவில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தபோது என் காதில் விழுந்தது. நான் தூண் மறைவில் நின்றுவிட்டு அவர் போனபின் நகர்ந்தேன். அன்றிலிருந்து அந்தத் தெரு வழியாகப் போவதை விட்டேன். ஏழு வருஷம் சுற்று வழியில் போய் வந்தேன். அவர்கள் என்ன ஆனார்கள் என்று யாரிடமும் கேட்கவில்லை.

ஆனால் வேலையில் ஒன்று மாறிற்று. யார் வந்தாலும், எங்கே வலித்தாலும், தொடுவதற்கு முன்னால் என்ன வேலை செய்கிறீர்கள், அதை எப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்க ஆரம்பித்தேன். எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆகவே, செய்து காட்டுங்கள் என்று மட்டும் சொல்வேன்.

சின்னக் காஞ்சிபுரத்திலிருந்து ஒரு கோயில் சமையல்காரர் தோள் வலி என்று வந்தார். செய்து காட்டச் சொன்னேன்.

"என்னத்தைக் காட்டறது? அடுப்பு எங்கே, அண்டா எங்கே?" என்றார். பிறகு எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நின்று, மூலையில் கிடந்த ஒரு தடியை எடுத்துக் கிண்டிக் காட்டினார். நான் அவர் கையைப் பார்க்காமல் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏன்யா, தோள் வலின்னு வந்தா காலைப் பாக்கறே. இந்த ஊர்ல வைத்தியம் எல்லாம் தலைகீழாப் போயிடுத்தா?"

அவர் குதிகாலைத் தூக்கி எக்கிக்கொண்டுதான் கிண்டினார். அடுப்பு உயரம், அவர் குள்ளம். நிற்பதற்கு ஒரு மணைப்பலகை போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். தோள் வலி இருபது நாளில் போயிற்று. தொன்னையில் புளியோதரை கொண்டுவந்து கொடுத்தார். அதைச் சாப்பிடும்போது எனக்கு வேலாயுதத்தின் நைந்த துண்டு ஞாபகம் வந்தது.

ஏழாம் வருஷம், ஒரு நடுப்பகலில், அறையில் யாரும் இல்லாத நேரத்தில் ஒரு பெண் தனியாக வந்தாள். முதல் நாள் யாரும் தனியாக வருவதில்லை என்றேனே, இவள் வந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். வலது இடுப்பில் கை வைத்துக் காட்டினாள்.

வழக்கம்போலக் குனிந்தபடியே கேட்டேன். "இன்னா வேலைம்மா செய்யறே?"

"வேலையா? நான் ஒண்ணும் செய்யலீங்க. அவுருதான் நெய்யறாரு. நான் காலு மட்டும் போடறேன்."

நான் நிமிர்ந்தேன். குப்பம்மாள். இருபத்தேழு வயதில் நாற்பது வயது முகம்.

அவளும் என்னை அடையாளம் கண்டிருந்தாள். கோபம் இல்லாமல், பக்கத்து வீட்டு விஷயம் போலச் சொன்னாள். "அன்னிக்கே சொல்ல வந்தேங்க. எங்கண்ணன் வாயை மூடிட்டாரு. நீங்க தலைய தூக்கல."

வேலாயுதம் தறியில் உட்கார்ந்து நாடா தள்ளுகிறான், பலகை அடிக்கிறான், இடது மிதியை மிதிக்கிறான். அவள் குழியின் வலது ஓரத்தில் உட்கார்ந்து தன் காலை உள்ளே விட்டு வலது மிதியை மிதிக்கிறாள். அவன் 'உம்' என்றால் அழுத்த வேண்டும். முதல் வருஷம் முழுக்கச் சேரவே இல்லையாம். அவன் திட்டுவான், இவள் அழுவாள். பிறகு 'உம்' தேவைப்படவில்லை. அவன் மூச்சைக் கேட்டே மிதித்தாள்.

"ரெண்டு மாசம் மிதிக்காம இருக்கணும்மா. இல்லன்னா நடை போயிடும்" என்றேன்.

"நான் இருப்பேங்க. தறி இருக்காதே. நின்னுச்சுன்னா முதலாளி பாவை எடுத்துக்கினு போயிடுவாரு. அப்புறம் அவுரு யார் வூட்டுலயாவது போயி நூல் சுத்தணும். நெய்யற கைங்க அது. நீங்களே வெச்ச கை." சுவரைப் பிடித்து எழுந்துகொண்டே, "நான் வந்தது அவுருக்குத் தெரிய வேணாம்" என்றாள்.

மிதிக்காதே என்று சொன்னால் தறி போகும். மிதி என்று சொன்னால் இவள் போவாள். இந்த இரண்டில் ஒன்றைச் சொல்லி அனுப்ப எனக்கு வாய் வரவில்லை. "தறியை நான் பாக்கணும்" என்றேன். நான் அதைச் சொன்னேனா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

மறுநாள் ஏழு வருஷம் போகாத தெருவுக்குப் போனேன். தெரு முழுக்கத் தறிச் சத்தம். அந்த வீட்டுச் சத்தம் மட்டும் தனியாகத் தெரிந்தது. மற்றத் தறிகளில் மிதியும் அடியும் ஒன்றாகக் கேட்டன. அங்கே நடுவில் ஒரு இமைப்பொழுது இடைவெளி இருந்தது.

வேலாயுதம் என்னைப் பார்த்ததும் நாடாவை நிறுத்தினான்.

"வாய்யா. ஏழு வருசம் கழிச்சுக் கட்டுப் பிரிக்க வந்தியா?"

கைகால் கழுவிக்கொண்டு, தறியைத் தொட்டுக் கும்பிட்டு, அவன் எழுந்த இடத்தில் இறங்கி உட்கார்ந்தேன். பிறகு குப்பம்மாள் உட்காரும் ஓரத்தில் உட்கார்ந்தேன். ஒரு ஆளுக்காக வெட்டிய குழி. அவள் பாதி உடம்பை வெளியே வைத்து, இடுப்பைத் திருகி, காலைக் கோணலாக விட்டுத்தான் மிதிக்க முடியும். நான் இருபது தடவை மிதித்தேன். என் இடுப்பிலேயே பிடித்துக்கொண்டது. அவள் ஏழு வருஷம் மிதித்திருக்கிறாள்.

"குழியை ஒரு முழம் அகலமாக்கணும். மிதியையும் தள்ளிக் கட்டணும். ரெண்டு பேரும் நேரா உட்காரணும்" என்றேன்.

"எங்கப்பன் வெட்டுன குழி. இடிக்கச் சொல்றியா?" என்றான் வேலாயுதம். பிறகு மனைவியைப் பார்த்தான். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சுவரோரம் நின்றாள். நான் யாருக்காக வந்தேன் என்று அவனுக்கு அப்போதுதான் புரிந்தது. "எப்பலேருந்துடி?" என்று கேட்டான்.

"இப்பதான்" என்றாள். பொய்.

தறியில் பாவு ஏறியிருக்கும்போது குழியைத் தொடக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். அந்தப் பாவின் கடைசிப் புடவையைத் தறியிலிருந்து அறுக்கும்வரை காத்திருந்தோம். அறுத்த அன்றைக்கே சடையப்பன் கடப்பாரையோடு வந்தார். மூன்று தெருவுக்குக் கேட்கும் மனிதர் அன்றைக்குப் பேசவே இல்லை. இடுப்பளவு பள்ளத்தில் நின்று மண்ணை வெட்டிக்கொண்டிருந்தவர், நான் கூடையை எடுக்கக் குனிந்தபோது மெதுவாகச் சொன்னார். "காலு எங்க ஓடிடப் போவுதுன்னு சொன்னவன் நானு."

அடுத்த பாவு ஏறுவதற்கு இருபது நாள் ஆயிற்று. அந்த இருபது நாளும் நான் போய்க் குப்பம்மாளின் இடுப்புக்கு ஒத்தடம் கொடுக்கும் முறையை வேலாயுதத்துக்குக் காட்டினேன். அவன் கையால் அவனே கொடுத்தான். நல்ல கை. அவள் நேராக உட்கார்ந்து மிதித்தாள். வலி முழுக்கப் போகவில்லை. சுவரைப் பிடிக்காமல் நடந்தாள். அந்த இமைப்பொழுது இடைவெளி போகவில்லை. அது இருக்கும்வரை அவள் இருக்கிறாள் என்று, தெருவில் போகும்போது கேட்டுக்கொண்டே போவேன்.

இரண்டரை வருஷம் கேட்டேன். அந்த மார்கழியில் ஊரில் விஷ ஜுரம் பரவியது. குப்பம்மாள் நான்கே நாளில் போய்விட்டாள். இடுப்புக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அப்படிச் சொல்லித்தான் என்னை நானே தேற்றிக்கொள்கிறேன்.

தை பிறந்து ஒரு நாள் வேலாயுதம் நம் வைத்தியசாலைக்கு வந்தான். கட்டுப் பிரித்த நாளில் நடந்தது போலவே, வலது காலைத் தட்டென்று வைத்து வந்தான். தோளில் ஒரு மரப்பலகை. கயிற்றோடு இருந்தது.

"தறியப் பிரிச்சாச்சு. இது அந்த மிதி. வெறகோட போட மனசு வரல" என்றான். வலது கையை என் முன்னால் நீட்டி, விரல்களை மடக்கி விரித்துக் காட்டினான். "கை நல்லா இருக்குதுய்யா. ஒரு கொறையும் இல்ல."

அவன் கேலியாகச் சொல்லவில்லை. அதனால்தான் இத்தனை வருஷமாக அது என் காதில் இருக்கிறது.

அந்த மாதமே வைத்தியரிடம் கேட்டு வடக்கு மூலையில் குழி வெட்டினோம். அந்தப் பலகையைத்தான் அதில் தொங்கவிட்டிருக்கிறோம். நெசவு வீட்டிலிருந்து யார் வந்தாலும், கைவலி என்றாலும், கழுத்துவலி என்றாலும், முதல் நாள் அதில் உட்காரவைத்து மிதிக்கச் சொன்னேன். சிரிப்பார்கள். சிலர் கோபித்துக்கொள்வார்கள். மிதிப்பார்கள்.

தம்பிகளே, கட்டில் தேவைதான். கூட்டம் அதிகமாகிவிட்டது என்று எனக்கும் தெரியும். மூடுவதானால் மூடுங்கள். அதற்கு முன்னால் ஒருநாள், வெளிச்சம் இருக்கும்போது, நீங்கள் மூன்று பேரும் அந்தப் பலகையை அவிழ்த்து எடுத்து மடியில் வைத்துப் பாருங்கள். நடுவில் ஆழமாக, அகலமாக ஒரு தேய்மானம் இருக்கும். அது வேலாயுதத்தின் கால். காளை வந்த நாளோடு நின்றுவிட்டது. அதற்கு வலப்பக்கம், ஓரமாக, சின்னதாக இன்னொன்று. வெளிப்பக்கம் மட்டும் தேய்ந்து சாய்ந்திருக்கும். அதையும் தாண்டி, குழியை அகலமாக்கியபின் விழுந்தது, மிக மெலிதாக, நேராக மூன்றாவது ஒன்று உண்டு. கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. விரலால் தடவினால் தெரியும்.

சாய்ந்திருக்கிற அந்தத் தடத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, அதை மிதித்தவளுக்கு இடுப்பில் எந்த இடத்தில் வலித்திருக்கும் என்று நீங்கள் தொட்டுக் காட்டிவிட்டால், அந்தக் குழி உங்களுக்கு வேண்டியதில்லை. காட்ட முடியாவிட்டால் இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும். தவளையை மட்டும் எடுத்து வெளியே விட்டுவிடுங்கள்.